சந்தன மாலை வரிசையில் ஒரு புது ஆணி

சுந்தரராமன் வீட்டுச் சுவரில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஓர் எல்லை உண்டு. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் கதவு நிலையின் மேல் விளிம்புதான் அந்த எல்லை. அந்த விளிம்பிலிருந்து சுவர் முழுக்க ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கீழே கல்யாணப் படம், பேத்தி அனன்யா சலங்கை கட்டிக்கொண்டு நிற்கும் படம், தேதி கிழிக்கும் காலண்டர். கோட்டுக்கு மேலே போய்ச் சேர்ந்தவர்கள். அவருடைய அம்மா அலமேலுவும் அப்பா வைத்தியநாதனும் சந்தன மாலை போட்டுக்கொண்டு, கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுபோல் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருப்பார்கள். சுவர்க் கடிகாரம் மட்டும் சரியாகக் கோட்டின் மீதே தொங்கும். நேரம் இரண்டு தரப்புக்கும் பொது என்பார்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால், ஆட்டோ திரும்ப முடியாத ஒரு சந்தில் இருக்கிறது அந்த அடுக்ககம். தரைத்தளத்தில் அவரும் மனைவி ஜெயலக்ஷ்மியும். அந்த வீட்டில் எதையும் சும்மா மாட்டிவிட முடியாது. முகம் பார்க்கும் கண்ணாடி என்றால் வீட்டிலேயே குள்ளமானவருக்கு நெற்றி தெரிய வேண்டும். காலண்டர் என்றால் ஜெயலக்ஷ்மி குதிகாலைத் தூக்காமல் தேதி கிழிக்க வேண்டும். சாவி மாட்டும் கொக்கி, திருடன் ஜன்னல் வழியாகக் கையை விட்டாலும் எட்டக் கூடாத உயரம். அதைச் சோதித்துப் பார்க்க அவரே வெளியே போய், ஜன்னல் மேடையில் தொற்றிக்கொண்டு, குடைக் கைப்பிடியால் துழாவியபோது காவல்காரர் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தார். இவர் கோபப்படவில்லை. "கொக்கியும் சரி, காவலும் சரி" என்று சொல்லிக்கொண்டே விழுந்தாராம்.

தியாகராய நகரில் இருக்கும் ஒரு பெரியப்பா பிள்ளையின் வீட்டில், காலமான பெரியப்பாவின் படத்தைச் சோபாவுக்கு நேர் மேலே, உட்கார்ந்தால் தலைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி மாட்டிவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த காபியைச் சுந்தரராமன் தொடவில்லை. பெரியப்பா டம்ளருக்குள் எட்டிப் பார்த்ததாகப் புகார். வேளச்சேரியில் மகன் பரத்வாஜ் புது வீடு வாங்கியபோது, மருமகள் ஹம்சினி செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு எல்லாப் படங்களையும் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தாள். இவர் சுவரோரமாக நடந்து ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "யார் கண்ணுக்கு நேரா?" என்று ஒரு கேள்வி போட்டார். பரத்வாஜ் நெட்டை, ஹம்சினி குட்டை. கிரகப்பிரவேசப் பாயசம் பரிமாறும் வரைக்கும் அந்த வீட்டில் புருஷனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனிதரை உருவாக்கியது அவருடைய உத்தியோகம். ஓய்வு பெறும்வரை காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. கடை எரிந்துவிட்டது, சரக்கு நனைந்துவிட்டது என்று யாராவது வந்து அழுதால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அது நிஜ அழுகையா என்று சொல்ல வேண்டும். எரிந்த கடைக்குள் போனால் மற்றவர்கள் சரக்கைப் பார்ப்பார்கள். இவர் சுவரைப் பார்ப்பார். முதலாளி நாற்காலிக்குப் பின்னால் உயரத்தில் ஓர் ஆணி இருக்கும். ஆணிக்கு நேர் கீழே சாம்பலோடு கண்ணாடிச் சில் கிடந்தால், பாவம், கடை தானாகத்தான் எரிந்தது. சில் இல்லையென்றால், நெருப்பு வைப்பதற்கு முன்பே அப்பாவின் படத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அர்த்தம். வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், சுவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அவர் கண்ட முடிவு. அவர் உள்ளே நுழைவதைப் பார்த்தே ஒரு ஜவுளிக்கடைக்காரர் உண்மையை ஒப்புக்கொண்டு மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. மயங்கியதுகூட நடிப்போ என்று சுந்தரராமனுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கார்த்திகை மழையில் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் அடைப்பை நீக்கி, ஒரு கம்பிச் சுருளை உள்ளே வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, தம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுவதற்காக நிமிர்ந்தார். கும்பிட்ட கை பாதியில் நின்றது.

கோட்டுக்கு மேலே, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இல்லாத ஓர் ஆணி இருந்தது. பளபளவென்று, புத்தம் புதிது. அடுத்து வரப்போகிறவருக்கு இடம் போட்டு வைத்தது மாதிரி.

வேறு யாராக இருந்தாலும் "இது என்ன ஆணி?" என்று கேட்டிருப்பார்கள். சுந்தரராமன் கேட்கவில்லை. சந்தேகத்துக்கு உரியவரிடமே போய்க் கேட்டால் அவர் உஷாராகிவிடுவார் என்பது பிரிவின் பால பாடம். டாக்டர் தம்மிடம் சொல்லாத எதையோ வீட்டாரிடம் சொல்லிவிட்டார். எத்தனை நாள் என்றும் சொல்லியிருப்பார். அதை வைத்துக்கொண்டு இவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இதுதான் அவருடைய கணக்கு. இனி ஆதாரம் சேர்க்க வேண்டும்.

ஆதாரமோ தேடாமலே வந்து விழுந்தது. அன்று மத்தியானம் ஜெயலக்ஷ்மி வத்தக்குழம்பு வைத்து, சுட்ட அப்பளமும் போட்டாள். இதயக்காரனுக்கு வத்தக்குழம்பா? போகிறவன் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று விடுவது இப்படித்தான் என்று நினைத்தபடி இரண்டாம் தடவையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்க்கும் பரத்வாஜ், வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில் ரயிலைப் பிடித்து வந்து, பேச எதுவும் இல்லாமல் அப்பாவின் காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளை கடைசியாகத் தம் காலைத் தொட்டது அவனுடைய கல்யாணத்தில்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டவள் ஹம்சினி. ஞாயிற்றுக்கிழமை வந்தவள் செல்போனை நீட்டிக்கொண்டு, மாமாவை வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்காரச் சொன்னாள்.

"மாமா, கண்ணாடியக் கழட்டிட்டு நேரா பாருங்கோ. சிரிக்க வேண்டாம்."

"சிரிச்சா என்ன?"

"சிரிச்சா எடுத்துக்காது மாமா."

சிரிக்கிற மாதிரி எடுத்து மாட்டினால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், அவள் சொல்வதும் நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. அவள் எடுத்தாள், பார்த்தாள், "ஆயிடுத்து" என்று மாமியாரைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை அவர் மனத்துக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

ஜெயலக்ஷ்மி கறிகாய் வாங்கப் போன ஒரு காலையில் சம்பவ இடத்தை அளந்தார். நாற்காலியில் ஏறக் கூடாது என்று உத்தரவு. ஒட்டடைக் கம்பை எடுத்து, அப்பா படத்தின் ஆணிக்கு நேராக நிறுத்தி, ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினார். அம்மா படத்துக்குக் கொண்டுபோனார். அதே உயரம். அவர் கையால் அடித்தது, தவறுமா? புது ஆணிக்குக் கொண்டுபோனார். ஒரு விரற்கடை மேலே இருந்தது. அவருக்குச் சாவு பயத்தை மீறிக்கொண்டு எரிச்சல் வந்தது. தம்மை மாட்டுவதுதான் மாட்டுகிறார்கள், மட்டம் பார்த்து மாட்டக் கூடாதா?

அந்தக் கட்டடத்தில் சுவரைத் துளைக்கும் மெஷின் வைத்திருப்பவர் ஒருவர்தான். மேல் மாடிப் பவுல்சாமி. துறைமுகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாந்தோம் கோயிலில் கொடியேற்றத்துக்குக் கம்பம் நடுவதிலிருந்து பக்கத்து வீட்டுத் திரைச்சீலைக் கம்பி வரைக்கும் கூப்பிட்டால் வந்துவிடுவார். சுந்தரராமன் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினார்.

"இன்னா சார் இது? படி ஏறக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க, நீங்க பாட்டுக்கு ஏறி வந்துகினு கீறீங்க."

"எங்காத்துல ஆணி அடிச்சது நீங்கதானே பவுல்?"

"இன்னா ஆணி?"

"பொய் சொன்னா உங்களுக்கு மூக்கு வேர்க்கறது."

"மீன் கொழம்பு சார். எங்க வூட்டுக்காரி டோரதி காரமா வெச்சுட்டா. அத்தாலதான் வேர்க்குது."

சுந்தரராமன் நகரவில்லை. பேசவும் இல்லை. எதிரில் இருப்பவர் தானாகவே எதையாவது சொல்லி நிரப்புகிற வரைக்கும் சும்மா இருப்பது அவருடைய பழைய ஆயுதம். பவுல்சாமி மின்விசிறியைக் கூட்டினார். மோர் வேண்டுமா என்று கேட்டார். கடைசியில் குரலை இறக்கினார்.

"மேடம் சொல்லக் கூடாதுன்ட்டாங்க சார். மாதா மேல சத்தியம் வாங்கிக்கினாங்க. நான் இன்னா பண்றது?"

"மட்டம் பார்க்காம ஏன் அடிச்சேள்?"

இதில்தான் பவுல்சாமிக்கு ரோஷம் வந்தது. "நான் மட்டமாத்தான் சார் மெஷினை வெச்சேன். கொஞ்சம் மேல, கொஞ்சம் மேலன்னு கீழ நின்னு கையாட்டினது மேடம்தான். அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

யார் அடிக்கச் சொன்னது என்பது தெரிந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டு இறங்குவது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுவாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது ஜெயலக்ஷ்மியை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு நேரடியாகவே கேட்டார். எனக்கு எவ்வளவு நாள் என்றார். டாக்டர் சிரித்தார். இதயம் நன்றாக வேலை செய்கிறது, நடங்கள், மாத்திரையை விடாதீர்கள், இன்னும் பல வருஷம் இருப்பீர்கள் என்றார். ஒருவர் உண்மையைச் சொன்னால் எதற்குச் சிரிக்க வேண்டும்? பல வருஷம் என்றால் எத்தனை என்று கேட்டதற்கு ஏன் பேச்சை மாற்றி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்? வெளியே வந்ததும் ஜெயலக்ஷ்மி, "என்ன சொன்னார்?" என்றாள். உனக்குத் தெரியாததா என்று அவளைப் பார்த்தார். லஸ் முனையில் சிக்னலில் ஆட்டோ நின்றபோது பூக்காரி மாலையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு அவருக்குத் தூக்கம் சரியில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். முதுகுப் பக்கம் ஆணி இருப்பது முன்னால் இருப்பதைவிட மோசமாக இருந்தது. மறுபடி திருப்பிக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. நடைப்பயிற்சி நின்றது. போகிறவன் எதற்கு நடக்க வேண்டும்? இதைப் பார்த்து ஜெயலக்ஷ்மி கவலைப்பட, அவள் கவலைப்படுவதைப் பார்த்து இவர் தம் கணக்கு சரிதான் என்று உறுதி செய்துகொள்ள, மாத்திரையும் கம்பிச் சுருளும் செய்த நல்லதையெல்லாம் ஓர் ஆணி கரைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜெயலக்ஷ்மி கபாலீசுவரர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆணியைப் பிடுங்கினால் சுவரில் ஓட்டை தெரியும். ஆணியை நிரப்பிவிட்டால்? உயிருள்ளவர்களின் பொருள் ஒன்று அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டால், அப்புறம் அங்கே யாரை மாட்டுவார்கள்? காலண்டரைக் கழற்றி, ஒட்டடைக் கம்பின் முனையில் மாட்டி, மெல்லத் தூக்கினார். நாலைந்து தடவை தலையில் விழுந்தது. ஒருவழியாக ஆணியில் சிக்கியது. அம்மா, அப்பா, பக்கத்தில் இன்னும் கிழிக்காத கார்த்திகை வியாழக்கிழமை. மூச்சு வாங்கியது, ஆனாலும் திருப்தியாக உட்கார்ந்தார்.

ஜெயலக்ஷ்மி வந்தாள். காலண்டர் இருந்த இடம் காலியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தாள்.

"யார் அதைக் கொண்டுபோய் அங்க மாட்டினது?"

"நான்தான்."

"எறக்குங்கோ. அது என் ஆணி."

"உன் ஆணின்னா?"

"என் படத்துக்குன்னு நான் அடிச்சு வெச்சிருக்கேன்."

சுந்தரராமன் தயார் செய்து வைத்திருந்த வழக்கு முழுவதும் ஒரே வாக்கியத்தில் சரிந்தது. அவர் விடவில்லை. வத்தக்குழம்பை எடுத்துப் போட்டார். அதில் உப்பே போடவில்லை, புளிப்பிலும் காரத்திலும் உங்களுக்குத் தெரியவில்லை, ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்துவிட்டு வந்த வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று வைத்தேன் என்றாள். பரத்வாஜ் காலை அமுக்கியதைச் சொன்னார். பயந்துபோன பிள்ளை வேறு என்ன செய்வான் என்றாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த படத்தைச் சொன்னார். ஜெயலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது உங்க பென்ஷனுக்கு. நீங்க உயிரோட இருக்கேள்னு அவாளுக்குக் காட்டறதுக்கு. வருஷா வருஷம் நீங்களே போய்க் கையெழுத்துப் போடுவேளே, இந்த வருஷம் படுத்துண்டிருந்தேள், அவ போன்லயே பண்ணினா."

ஒரு பழைய அதிகாரி ஒரு சந்தேகத்தை மூடும்போதே அடுத்ததைத் திறந்துவிடுவார். மனைவி தன் படத்துக்கு இப்போது ஏன் ஆணி அடிக்க வேண்டும்? அவர் குரல் மாறியது.

"நோக்கு என்ன உடம்புக்கு? எனக்குத் தெரியாம எங்கயாவது பரிசோதனை பண்ணிண்டியா?"

"எனக்கு ஒண்ணுமில்லை. முழங்காலும் கழுத்தும் வழக்கம்போல வலிக்கறது."

பிறகு அவள் சொன்னாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, குளித்துவிட்டு வா என்று அவளை வீட்டுக்கு அனுப்பினார்களாம். தனியாக இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். யார் முன்னால் போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? தான் போனால், இவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வருவார். மாமியாருக்கு மரியாதை என்று சொல்லி, அந்தப் படத்துக்கு ஒரு படி கீழே தன்னை மாட்டுவார். உயிரோடு இருந்தவரைக்கும் மாமியார் கட்டிலில், இவள் தரையில். கூடத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் மாமியார் எதிரில் இவள் உட்கார்ந்தது கிடையாது.

"நீங்களும் பார்த்துண்டுதானே இருந்தேள், ஒரு நாள் உக்காருடின்னு சொன்னேளா? இருந்தப்போ கீழ உக்காந்தாச்சு. போனப்புறமும் கீழயா? அதான் பவுல்சாமியைக் கூப்பிட்டு அடிச்சுட்டேன். அவாளைவிட ஒரு வெரக்கடை மேல."

"அம்மாவுக்கு மேலயா?"

"ஆமாம். உங்கப்பா பக்கத்துல. அவர்தான் எனக்கு ஒரு நாள் உக்காரப் பலகையை எடுத்துப் போட்டார்."

சுந்தரராமனுக்கு அதிர்ச்சியாக இருந்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா வழக்கம்போல் முன்னால் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் அடுத்துக் கேட்டது அம்மாவைப் பற்றியல்ல. இத்தனை நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"சரி. அப்போ எனக்கு எங்க?"

"உங்களை அங்க மாட்டறதா இல்லை."

"ஏன்?"

"எனக்குக் கழுத்து தேய்மானம். அண்ணாந்து பார்த்தா தலை சுத்தறது. தெனம் உங்களோட சண்டை போட்டாகணும், அவ்வளவு ஒசரத்துல வெச்சுண்டு எப்படி முடியும்? சமையல் ரூம்ல, மேடைக்குப் பக்கத்துல, என் கண்ணுக்கு நேரா."

இறந்தவனைக் கண்ணுக்கு நேராக மாட்டுவது! கோட்டுக்குக் கீழே! அதுவும் சமையலறையில்! வேறொரு நாளாக இருந்தால் இதற்காகவே அவர் எழுந்து வெளியே போயிருப்பார். அன்று எழுந்து சமையலறைக்குள் போனார். விளக்கைப் போட்டார். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக மெல்லத் தடவினார். மசாலா டப்பாக்களை நகர்த்திவிட்டு அவற்றுக்குப் பின்னாலும் தடவினார். தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். எரிந்த கடைகளில்கூட அவர் இவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை.

"இங்க ஆணி இல்லையே ஜெயா."

"எதுக்கு இப்போ?"

"உனக்கு மட்டும் அடிச்சுண்டே. எனக்கு ஏன் அடிக்கலை?"

"நான் போயிட்டா நான் சொன்ன எடத்துல யார் அடிப்பா? அதனால முன்னாடியே அடிச்சேன். உங்களுக்கு அடிக்க நான் இருப்பேன். இப்போ என்ன அவசரம்?"

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இவளும் முன்னால் போவாள், அவரும் முன்னால் போவார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் எப்படி வைத்துக்கொள்வது? இழப்பீட்டுப் பிரிவில் இப்படி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். டாக்டர் சொன்னதை நம்பவில்லை, பவுல்சாமி சொன்ன மீன் குழம்பை நம்பவில்லை, இவள் சொன்னதையும் முழுதாக நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளங்கைக்குக் கீழே சுவர் வழவழவென்று இருந்தது. ஓட்டை இல்லை, இடம் பார்த்த அடையாளம்கூட இல்லை. அவர் நாள் முடிந்ததாக இந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. மனிதருக்குப் பல நாளைக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

பசி வந்தால் அவருக்கு அபிப்பிராயங்களும் வந்துவிடும். அடுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் கூடாது, தாளிக்கும்போது தெறித்துக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் என்றார். துடைப்பேன் என்றாள் அவள். துடைக்க மாட்டாய், ஜன்னல் கம்பியைத் துடைக்கிற லட்சணம் தெரியாதா என்றார். அப்படியானால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே என்றாள். ஈரம் தாக்கும், படத்தில் பூஞ்சை பூக்கும் என்றார். கடைசியில் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஓர் இடம் இருவருக்கும் ஒத்துவந்தது. வெளிச்சம் வரும், எண்ணெய் வராது.

"இங்க வந்து நில்லு, உன் கண் எங்க வர்றதுன்னு பாக்கறேன்" என்றார். அவள் வந்து நின்றாள். அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் பார்வை சுவரைத் தொடும் இடத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டார். மறு கையால் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

ஜெயலக்ஷ்மி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் கிறுக்க வேண்டாம். போய்க் காலண்டரை எறக்குங்கோ, இன்னும் தேதி கிழிக்கலை."